திருச்சபையின் சமூகப் போதனைத் தொகுப்பு: துறவற இல்லத்தில் பொருளியல் கற்பிக்க எவ்வளவு உதவும்?

நீதி, அமைதிக்கான திருப்பீட அவை 2004இல் வெளியிட்ட இந்தத் தொகுப்பைத்தான் கத்தோலிக்க நவதுறவகங்களும் (துறவு வாழ்வில் புதிதாகச் சேர்பவர்கள் பயிலும் இல்லங்கள்) உருவாக்க இல்லங்களும் சமூக நீதிப் பாடத்துக்கு முதலில் எடுத்து வைக்கின்றன. 12 இயல்கள், 583 பத்திகள், ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிக்குறிப்புகள், கடைசியில் பல பக்கங்களுக்கு ஓடும் பொருளடைவு. தேவைப்படும்போது புரட்டிப் பார்க்கும் நூலாக இதற்கு நிகர் இல்லை. முதல் பத்தியிலிருந்து வரிசையாக நடத்தத் தொடங்கினால் மூன்றாவது வாரத்துக்குள் வகுப்பு சோர்ந்துவிடும்.

காரணம் எளிது. பொருளாதாரம் எப்படி இருக்க வேண்டும் என்று இந்த நூல் சொல்கிறது. அது எப்படி இயங்குகிறது என்று சொல்வதில்லை. விலை ஏன் ஏறுகிறது, வட்டி எப்படிச் சேர்கிறது, கூலி எதனால் தேங்கி நிற்கிறது என்பதற்கெல்லாம் இதில் விடை கிடையாது. அதற்காக எழுதப்பட்டதும் இல்லை. ஓர் உதாரணம், ஒரு எண், ஒரு பயிற்சிக் கணக்கு எங்கும் வராது. அந்த இடைவெளியை நிரப்பத் தடித்த பொருளியல் நூல் எதுவும் வாங்க வேண்டாம். இல்லத்தின் சொந்தக் கணக்குப் புத்தகம் போதும். இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்து நடத்தினால் இந்தத் தொகுப்பு உயிர் பெறும். அப்படி நடத்தும் ஆசிரியரை மனத்தில் வைத்தே இந்த மதிப்புரை.

முதலில் அதன் பெரிய வசதி. எந்த மொழிபெயர்ப்பை எடுத்தாலும் பத்தி எண்கள் மாறுவதில்லை. நான்கு நாட்டுச் சகோதரிகள் ஒரே இல்லத்தில் இருந்தால், 'பத்தி 302' என்றதும் அவரவர் தம் மொழியில் திறந்துகொள்ளலாம். முழு உரையும் வத்திக்கான் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சொல் தேட இணைய உரை நல்லது. ஆனால் ஒரு கருத்து எங்கெங்கே வருகிறது என்று பார்க்க அச்சு நூலின் பொருளடைவை மிஞ்ச முடியாது. 'கூலி', 'வட்டி', 'வேலைநிறுத்தம்' போன்ற தலைப்புகளில் அது காட்டும் பத்திகளைக் குறித்துக்கொண்டாலே பாதிப் பாடத்திட்டம் தயாராகிவிடும்.

நூலின் வரிசை இறையியலுக்குப் பொருத்தமானது: கடவுளின் திட்டம், திருச்சபையின் பணி, மனித மாண்பு, பிறகு கோட்பாடுகள். பொருளாதார இயல் 323ஆம் பத்தியில்தான் தொடங்குகிறது, அதாவது நூலில் பாதியைத் தாண்டிய பிறகு. வகுப்பில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். 90 நிமிட வகுப்புகள் பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டால், முதல் மூன்றையும் 6ஆம் இயலில், அதாவது உழைப்பு பற்றிய 255 முதல் 322 வரையிலான பத்திகளில் செலவிடலாம். அடுத்த நான்கு 7ஆம் இயலுக்கு. அதன்பிறகு 4ஆம் இயலின் கோட்பாடுகளுக்குத் திரும்பினால், பொதுநன்மை, தோழமை என்ற சொற்கள் அதற்குள் கற்பவர்களின் கையில் கணக்காக நின்றுகொண்டிருக்கும். மனப்பாடம் செய்ய வேண்டியதே இராது.

கூலியிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான துறவற சபைகள் வேலை கொடுப்பவை. சமையலறை, தோட்டம், பள்ளி, மருத்துவமனை என எங்கும் ஆட்களை வைத்திருக்கின்றன. 1971 ஆயர் மாமன்றத்தின் 'உலகில் நீதி' ஆவணம் இதைத்தான் தொட்டது: நீதியைப் பற்றிப் பேசத் துணிபவர், கேட்பவர்களின் கண்ணில் முதலில் நீதியுள்ளவராக இருக்க வேண்டும் என்றது. எனவே முதல் வகுப்புக்கான பக்கம் இல்லத்தின் வரவு செலவு அறிக்கையில் இருக்கிறது. 'சம்பளம்' என்று ஒரே வரி, பக்கத்தில் ஒரு மொத்தத் தொகை. அந்த ஒற்றை வரியைப் பிரிப்பதுதான் பாடம்.

பொருளாளர் முன்கூட்டியே ஒரு தாள் தயாரிக்க வேண்டும். பெயர்கள் வேண்டாம், வேலை அ, வேலை ஆ என்று போதும். ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை ஆண்டு அனுபவம், மாதச் சம்பளம், சேமநிதி உண்டா, நோய் விடுப்புக்குச் சம்பளம் உண்டா என்று தனித்தனிக் கட்டங்கள். அதே வாரத்தில் நவதுறவியர் இன்னொரு தாளைத் தயாரிப்பார்கள்: அந்த ஊரிலேயே நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு வாடகை, உணவு, பள்ளி, மருத்துவம், போக்குவரத்து, சிறு சேமிப்பு என மாதம் எவ்வளவு ஆகிறது என்று. ஊகித்து எழுதக் கூடாது. கேட்டு எழுத வேண்டும். பிறகு சம்பளத்தைக் குடும்பச் செலவால் வகுக்க வேண்டும். விடை 1க்குக் கீழே வந்தால் 250ஆம் பத்தியைத் திறந்து குடும்பக் கூலி பற்றிப் படிக்கலாம். 'அவர் சம்மதித்துத்தானே சேர்ந்தார்?' என்ற கேள்வி கண்டிப்பாக வரும். அதற்கு 302 இருக்கிறது: இரு தரப்பும் ஒப்புக்கொண்டதால் மட்டும் கூலி நியாயமாகிவிடாது. 1891இல் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் திருத்தந்தை 13ஆம் லியோ சொன்னதும் இதுவே. கூடவே திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1286ஆம் சட்டத்தை வைக்க வேண்டும். திருச்சபைச் சொத்துகளை நிர்வகிப்பவர்கள் நாட்டின் தொழிலாளர் சட்டங்களைக் கடைப்பிடிக்க வேண்டும், வேலையாட்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் வாழப் போதிய நியாயமான கூலி தர வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. அறிவுரை என்று யாரும் அதை ஒதுக்கிவிட முடியாது.

இந்த இடத்தில் தொகுப்பு கைவிட்டுவிடும். அந்த ஆள் ஏன் அவ்வளவு குறைந்த கூலிக்குச் சம்மதித்தார் என்று விளக்கப் பொருளியல் வேண்டும். அந்தப் பகுதியில் வேலை கொடுப்பவர் ஒருவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 பேருக்குத் தலா 20 அலகு தருகிறார். 11ஆவது ஆள் 22க்குத்தான் வருவார். அவரைச் சேர்த்தால் பழைய பத்துப் பேருக்கும் 2 கூட்ட வேண்டும். ஆக 11ஆவது ஆளின் உண்மைச் செலவு 22 இல்லை; 22 + 20 = 42. அதனால் முதலாளி பத்தோடு நிறுத்திக்கொள்கிறார். கூலியும் தாழ்ந்து நிற்கிறது, வேலையும் குறைகிறது. சட்டமே குறைந்தபட்சக் கூலியை 22 என்று வைத்துவிட்டால் 11ஆவது ஆளுக்கு ஆகும் கூடுதல் செலவு 22 மட்டுமே. கூலி உயர்ந்தும் ஆள் கூடலாம். வேலை கொடுப்பவர்கள் பலர் போட்டியிடும் சந்தையில் இதே கணக்கு வேறு விடை தரும். அங்கே கட்டாயமாக உயர்த்திய கூலி சிலருடைய வேலையைப் பறிக்கக்கூடும். இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினால், 'கூலியை உயர்த்தினால் வேலை போய்விடும்' என்பதையும் 'உயர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும்' என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பழக்கம் நிற்கும். 304 முதல் 307 வரை வேலைநிறுத்த உரிமையும் தொழிற்சங்கமும் வருகின்றன. சங்கம் ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு இந்த 42 என்ற எண்ணைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

அடுத்ததாக, துறவற நிறுவனங்களின் கணக்கில் மட்டும் ஒளிந்திருக்கும் ஒரு விஷயம். இதைத் தொகுப்பு தொடவே இல்லை. ஒரு பள்ளியின் ஆண்டு வரவு 1000, செலவு 980, மிச்சம் 20. பார்க்க நன்றாக இருக்கிறது. அங்கே ஐந்து துறவியர் வேலை செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பராமரிப்புத் தொகை 10 மட்டும் செலவில் ஏறியிருக்கிறது. அதே வேலைக்கு வெளியாட்களை வைத்தால் தலா 30. ஐந்து பேருக்கும் கூடுதலாக 100. அப்போது உண்மை நிலை 80 பற்றாக்குறை. இது வெறும் கணக்கியல் நுணுக்கம் என்று நினைக்க வேண்டாம். ஐந்து பேரும் ஓய்வு பெறும்போது நிறுவனம் திடீரெனத் தள்ளாடுவது இதனால்தான். கட்டணம் பல ஆண்டுகளாக உண்மைச் செலவுக்குக் கீழே இருந்ததால், பொதுநிலை ஆசிரியர்களின் சம்பளமும் அந்தத் தாழ்ந்த வரவுக்குள்ளேயே அடக்கப்பட்டுவிடுகிறது. ஒருவர் மனமுவந்து தந்த உழைப்பு, பக்கத்தில் நிற்பவரின் கூலியை அமுக்குகிறது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் புரிந்துகொள்ள வேண்டிய பொருளியல் பாடங்களில் முதலிடம் இதற்குத்தான். வாய்ப்புச் செலவு, அதாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட வேண்டிய மற்றொன்றின் மதிப்பு, என்ற கருத்தையும் இதைக் கொண்டே நடத்திவிடலாம்.

தேய்மானமும் அப்படியே. 4000 அலகில் கட்டிய கட்டடம் 40 ஆண்டு நிற்குமென்றால் ஆண்டுக்கு 100 கரைகிறது. ரொக்க வரவு செலவு மட்டும் எழுதும் இல்லத்தில் இது எங்கும் தெரியாது. 60 மிச்சம் என்று மகிழ்ந்து அதை அறப்பணிக்குக் கொடுக்கும் இல்லம் உண்மையில் 40 குறைவில் இருக்கிறது. கூரை ஒழுகத் தொடங்கியதும் நன்கொடை கேட்டு அலைய நேரும். பெரும்பாலும் அப்போது வெட்டப்படுவது வேலையாட்களின் சம்பள உயர்வுதான். முதியோர் பராமரிப்பு நிதிக்கும் ஒரு வகுப்பு வேண்டும். பணவீக்கம் ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால் 12 ஆண்டில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். வங்கி வட்டியை எடுத்துச் செலவழித்துக்கொண்டே 'முதலைத் தொடவில்லை' என்று சொல்லும் இல்லம், பாதி முதலைத் தின்றுவிட்டது.

7ஆம் இயலுக்குள் நுழையும்போது 340, 341 இரண்டையும் ஒரே வகுப்பில் சேர்த்து வைப்பது நல்லது. நிறுவனம் சரியாக இயங்குகிறது என்பதற்கு இலாபம் முதல் அடையாளம் என்கிறது 340. ஆனால் அது மட்டுமே போதாது என்றும் சொல்கிறது. கந்துவட்டியைக் கடுமையாகக் கண்டிக்கிறது 341. 'இலாபமே பாவம்' என்று எண்ணும் இளையவர்கள் உண்டு, 'நம் நிறுவனத்துக்கு இலாபம் பொருந்தாது' என்று எண்ணும் மூத்தவர்களும் உண்டு. இரு தரப்பாருக்கும் 340 தேவை. 341க்கு ஒரு கணக்கு: 1200 கடன், ஆண்டுக்கு 10 சதவீதம் என்று சொல்லி, வட்டி 120ஐயும் சேர்த்து மாதம் 110 வீதம் 12 தவணை. கடன் வாங்கியவர் கையில் ஆண்டு முழுவதும் 1200 இருந்ததா? வாங்கிய தொகை மாதம் 100 வீதம் குறைந்துகொண்டே வந்தது என்று பார்த்தால் சராசரி நிலுவை 650தான். 120ஐ 650ஆல் வகுத்தால் 18 சதவீதத்துக்கு மேல் வருகிறது. நுணுக்கமாகக் கணக்கிட்டாலும் ஏறக்குறைய 18. 'பத்து வட்டி' என்று சொன்னது பத்து வட்டி இல்லை. சுயஉதவிக் குழுக்களோடு வேலை செய்யப் போகும் சகோதரிகளுக்கு இந்தக் கணக்கு மனத்தளவில் வர வேண்டும். முன்கூட்டியே பிடிக்கும் செயலாக்கக் கட்டணத்தையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், விகிதம் இன்னும் ஏறும்.

கோட்பாடுகளில் 185 முதல் 188 வரை வரும் துணைநிலைக் கோட்பாடு மிக எளிதாகப் பிடிபடும்: கீழே இருப்பவர்கள் செய்ய முடிந்ததை மேலே இருப்பவர்கள் பிடுங்கிக்கொள்ளக் கூடாது, முடியாதபோது துணைக்கு வர வேண்டும். பயிற்சிக்கு ஒரு கேள்வி போதும்: யார் எவ்வளவு தொகை வரை தாமே முடிவெடுக்கலாம்? சமையலறைப் பொறுப்பாளர், இல்லத் தலைவி, மாகாணத் தலைவி என்று அடுக்கி எழுதிப் பார்த்தால் அதிகாரம் எங்கே தேங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். திருச்சபைச் சட்டம் 636 பொருளாளரை உயர் தலைவரிடமிருந்து வேறுபட்டவராக வைக்கச் சொல்வதையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். 182 முதல் 184 வரை ஏழைகளுக்கு முன்னுரிமை வருகிறது. அதில் திருத்தந்தை பெரிய கிரகோரியாரை முன்வைத்துச் சொல்லப்படுவதை நிதானமாகப் படிக்க வேண்டும்: ஏழைக்குத் தேவையானதைக் கொடுக்கும்போது நம்முடையதைத் தரவில்லை, அவருடையதைத் திருப்பித் தருகிறோம், அது நீதியின் கடன். அறப்பணிப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு செலவும் காயத்துக்குக் கட்டுப் போடுகிறதா, காயப்படுத்துவதை நிறுத்துகிறதா என்று இரண்டாகப் பிரிக்கச் சொன்னால் போதும். இரண்டாவது பக்கம் பெரும்பாலும் காலியாக இருக்கும்.

குறைகளில் முதலாவது, தொகுப்பு எல்லாக் காலத்து மேற்கோள்களையும் ஒரே குரலில் கோத்திருப்பது. 1891இல் பொதுவுடைமைக்கு எதிராகத் தனியுடைமையை அழுத்திச் சொன்ன சொற்களும், 1967இல் 'பொப்புலோரும் ப்ரோக்ரெசியோ' சுற்றுமடல் அந்த உரிமைக்கு வைத்த எல்லைகளும் சலசலப்பில்லாமல் அடுத்தடுத்து வருகின்றன. தனியுடைமை முழுமையான, தொட முடியாத உரிமை என்று கிறிஸ்தவ மரபு ஒருபோதும் ஏற்றதில்லை என்ற 177ஆம் பத்தியின் வாக்கியம் 1981இன் 'லபோரெம் எக்செர்சென்ஸ்' மடலிலிருந்து வருகிறது. அதன் ஆண்டும் சூழலும் அடிக்குறிப்பில் மறைந்துபோகின்றன. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதை எழுதியது உழைப்பு முதலுக்கு மேலானது என்று நிறுவ வந்த மடலில். இது தெரியாமல் வாசித்தால் வாக்கியம் பாதி வலு இழக்கும். ஒரு நீள் தாளில் முக்கியச் சமூகப் போதனை ஆவணங்கள் வந்த ஆண்டுகளை 1891, 1931, 1961, 1967, 1971, 1981, 1987, 1991 என்று கோடு போட்டு, படிக்கும் ஒவ்வொரு மேற்கோளையும் அதன் ஆண்டில் ஒட்டச் சொல்லலாம். சிறிய வேலை, ஆனால் போதனை வளர்ந்த விதத்தைக் கற்பவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள்.

இரண்டாவது குறை வயது. 2004க்குப் பின் நடந்தது எதுவும் இதில் இல்லை: 2008 நிதி நெருக்கடி, செயலி வழியாகப் பிரித்துக் கொடுக்கப்படும் கூலி வேலை, காலநிலை நெருக்கடியின் இன்றைய அளவு. 10ஆம் இயல் சுற்றுச்சூழலைப் பேசினாலும் 2015இன் 'லவுதாத்தோ சி' சுற்றுமடல் இல்லாமல் அது நிறைவடையாது. குறிப்பாக அதன் 51ஆம் எண்ணில் வரும் சூழலியல் கடன், அதாவது இயற்கையைச் சுரண்டியதால் பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குப் பட்டிருக்கும் கடன். 2009இன் 'கரித்தாஸ் இன் வெரித்தாத்தே' சுற்றுமடல், நிதிச் சந்தைகளின் அறம் பற்றி 2018இல் வந்த திருப்பீட ஆவணம், 2020இன் 'ஃப்ரத்தெல்லி தூத்தி' சுற்றுமடல் இவற்றிலிருந்து சில பக்கங்களைப் படியெடுத்துச் சேர்க்க வேண்டும். முதலீடு வைத்திருக்கும் சபையானால் 2018 ஆவணத்தைத் தவறவிடக் கூடாது.

மூன்றாவதை நூலின் குறை என்று சொல்வதைவிட, அதைக் கையாள்வதில் வரும் தவறு என்றே சொல்ல வேண்டும். கூலி வகுப்பில் இல்லத் தலைவி உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை. கருத்துகளைப் பெயரில்லாத சீட்டில் எழுதி வாங்கி ஆசிரியர் படிப்பது ஒரு வழி. அந்த ஒரு வகுப்புக்கு மட்டும் தலைவி வராமல், முடிவில் தொகுத்த தாளைப் பெற்றுக்கொள்வது இன்னொரு வழி. இன்னொரு சிக்கல், வகுப்பு குற்ற உணர்வில் மூழ்குவது. 'நாமே அநீதி செய்கிறோம்' என்று கண்கலங்கி முடிந்தால் அடுத்த மாதமும் அதே சம்பளம்தான் போகும். 547ஆம் பத்தி இதற்கு உதவும்: நிலைமையைத் தெளிவாகப் பார், நன்னெறியின் ஒளியில் முடிவெடு, முடிவைச் செயலாக்கு. 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் 'மாத்தேர் எத் மஜிஸ்த்ரா'வில் பரிந்துரைத்த 'பார், தீர்ப்பிடு, செயல்படு' முறையும் இதே படிகள்தான். ஒவ்வொரு வகுப்பும் மூன்றாவது படியில் ஒரு வரியாவது எழுதி முடிய வேண்டும்: யார், எந்தத் தேதிக்குள், எந்தத் தொகை.

பாடத்தின் கடைசி வகுப்பில் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைக் கற்பவர்களே வரைய வேண்டும். ஆண்டுத் திட்டம் வரைவதைத் திருச்சபைச் சட்டம் 1284 வலுவாகப் பரிந்துரைக்கிறது. சம்பளத்தை முதலில் எழுதி, தேய்மானத்தை இரண்டாவதாக எழுதி, மற்றதை அதற்குப் பிறகு நிரப்பச் சொல்லுங்கள். வழக்கமாக இது தலைகீழாக நடக்கும்; சம்பளம் கடைசியில் மிஞ்சியதிலிருந்து போகும். வரைவைப் பொருளாளர் திருத்தி, இல்ல ஆலோசனைக் குழுவுக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். எழுத்தில் பதில் கேட்பதும் பாடத்தின் பகுதியே.

யாருக்கு இந்த நூல் பொருந்தும்? உருவாக்கப் பொறுப்பாளர்கள், பொருளாளர்கள், மாகாண ஆலோசகர்கள் கட்டாயம் வைத்திருக்கலாம். நவதுறவகத்தின் முதல் ஆண்டில் இருப்பவர்களிடம் முழு நூலையும் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம். தேர்ந்தெடுத்த நாற்பது பத்திகளை இணைய உரையிலிருந்து அச்செடுத்துக் கொடுத்தால் போதும். தனிமைத் துறவு மடங்களுக்கு 6ஆம் இயலும் தேய்மானக் கணக்கும் மிக நெருக்கமானவை, அங்கே வரவு சிறியது, கட்டடம் பெரியது. ஓர் இல்லத்துக்கு இரண்டு அச்சுப் பிரதிகள் போதுமானவை: ஒன்று வகுப்பறையில், ஒன்று பொருளாளரின் அலமாரியில். மூன்றாவது பிரதிக்கு ஒதுக்க நினைத்த பணத்தைப் பொருளாளரின் கணக்கியல் பயிற்சிக்குத் தரலாம்.